விற்பனைக்கு இல்லாத ஏத்தங்குலை

சேனைக்கிழங்கைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பெண்ணை நான் அந்த வருஷம்தான் முதல் தடவை பார்த்தேன். வேறு யாருமில்லை, என் மருமகள் ஜெப்சி. முற்றத்தில் வெள்ளை விரிப்பைப் போட்டு, கிழங்கை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் செம்பருத்திப் பூ வைத்துக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கிழங்குக்குக் கல்யாணமா அடக்க ஆராதனையா என்று கேட்டேன்.

"கேட்லாக் மாமா."

"அதென்ன எளவு?"

"நாம விக்கிய சாதனம் எல்லாத்துக்கும் படம், பேரு, வெலை போட்டு பேஸ்புக்குல வைக்கது. மஸ்கட்டுல இருக்கவன் அங்கயிருந்தே பாத்து அவனுக்க அம்மைக்கு ஆர்டர் போடுவான். நான் ஸ்கூட்டியில கொண்டு குடுப்பேன்."

"தொட்டுப் பாக்காம காய் வாங்குகவன் பைத்தியக்காரன். பைத்தியக்காரன்கிட்ட நமக்கு என்ன ஏவாரம்?"

நான் நாலாம் வகுப்போடு நிறுத்தினவன். நிறுத்தியதில் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருத்தம் ஒன்றுமில்லை. கீரிப்பாறை போகிற ரோட்டில், மலை அடிவாரத்தில் எங்கள் விளை. வாழைதான் முக்கியம். இடையில் சேனை, கத்திரி, முருங்கை என்று கொஞ்சம். விடிவதற்குள் முதல் பஸ்ஸில் மூட்டையை ஏற்றி நாகர்கோவில் உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கே விலையை அவர்களே பலகையில் எழுதிவிடுவார்கள். அதற்கு மேல் கேட்கவும் முடியாது, கீழே கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்லவும் மாட்டேன். வாங்க வருகிறவன் கத்திரிக்காயை அமுக்கிப் பார்ப்பான், வெண்டைக்காயின் வாலை ஒடித்துப் பார்ப்பான். நான் அவன் தருகிற நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் வியாபாரம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஒக்கிப் புயல் வந்து வாழையை எல்லாம் படுக்கவைத்துவிட்டுப் போனது. மறுபடி நட்டோம். என் மகன் கொல்லத்தில் டைல்ஸ் ஒட்டப் போனான். ஜெப்சி கையில் கைபேசியை எடுத்தாள். பி.காம் படித்தவள், சும்மா இருக்கமாட்டாள்.

படம் பிடிப்பது போதாதென்று ஒவ்வொன்றுக்கும் கீழே கதை வேறு எழுதினாள். "மலைக்காற்றில் அன்போடு விளைந்த கத்திரிக்காய்" என்று வாசித்துக் காட்டினாள்.

"அன்போடயா? சாணியோடன்னு எழுது."

"அப்பிடி எழுதினா எவன் வாங்குவான்? சரி, இந்தப் பாளையங்கோடன் பழத்துக்கு நீங்களே ஒண்ணு சொல்லுங்க, பாப்பம்."

"பாளையங்கோடன். மலச்சிக்கலுக்கு நல்லது. வேற ஒரு பெருமையும் கெடயாது."

அவள் வீம்புக்கு அப்படியே எழுதிவிட்டாள். முதல் ஆர்டர் அதற்குத்தான் வந்தது. குவைத்திலிருந்து ஒருவன் தன் மாமனாருக்காகக் கேட்டிருந்தான். மாமனாரின் வயிறு அவனுக்குக் குவைத் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

பக்கத்தின் உச்சியில் ஜெப்சி பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தாள்: "படத்தில் உள்ளதே கைக்கு வரும்." அதைப் பார்த்து நான் சிரித்தேன். இப்படி எழுதித் தூக்கு மாட்டிக்கொள்கிறவளை அப்போதுதான் பார்க்கிறேன் என்றேன்.

தூக்குக்குக் கயிறு கொடுத்தது நான்தான். அதைச் சொல்லுமுன் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் நல்லதைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம். கோழி, பூசணி, மரச்சீனிக்கிழங்கு எல்லாம் வரும். ஆனால் மரியாதை ஏத்தங்குலைக்குத்தான். வெளியூர்க்காரர்கள் நேந்திரம் என்கிறார்களே, அதுதான் எங்களுக்கு ஏத்தன். வாழை குலை தள்ளும்போதே நல்லதாகப் பார்த்து, இது கோயிலுக்கு என்று ஜெபித்து ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுவோம். அன்றிலிருந்து அது நம் சொத்து இல்லை. ஏலத்தில் எவனுடைய குலை அதிக விலைக்குப் போகிறதோ அவன் பேரைச் செயலாளர் மைக்கில் இரண்டு தடவை வாசிப்பார். பல வருஷமாக அது என் பேர்தான். பரலோகத்தில் யார் முதல் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சபை முற்றத்தில் ராஜையன் முதல், ஜெபதாஸ் இரண்டாவது.

இந்த ஜெபதாசுக்கும் உழவர் சந்தையில் கடை உண்டு. எனக்கு நேர் எதிரே. எதைப் பேசினாலும் "ஸ்தோத்திரம்" என்று தொடங்குவான். தேங்காய்க்கு விலை சொன்னாலும் ஸ்தோத்திரம், சில்லறை இல்லை என்றாலும் ஸ்தோத்திரம்.

புயலுக்குப் பிறகு நட்டதில் ஒரு வாழை ராட்சசன் மாதிரி குலை தள்ளியது. துணி கட்டினேன். மீன் கழிவு போட்டேன், இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தேன், இலை உரசிக் கீறல் விழாதபடி குலையைச் சருகால் பொதிந்தேன். கடவுளுக்காகச் செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஜெபதாசின் வயிறு எரியவேண்டும் என்பது நான் சொல்லாமல் விட்டது.

பண்டிகைக்குக் கொஞ்சநாள் முன்பு ஜெப்சி கைபேசியோடு விளைக்கு வந்தாள். ஏத்தங்குலைக்கு நல்ல படம் கிடைக்கவில்லையாம். விற்கிற குலை எல்லாம் கீறலும் கறையுமாக இருக்கிறதாம். பெருமை யாரை விட்டது? சருகை நானே அவிழ்த்தேன்.

"படம் எடுக்கணும்னா இதை எடு."

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அப்படி ஒரு பச்சை. ஒவ்வொரு காயும் என் முழங்கை நீளம். இரண்டாவது சீப்பில் இரண்டு காய் ஒட்டி ஒன்றாகப் பிறந்த இரட்டைக்காய் ஒன்று வேறு, சபையைப் பார்த்துக் கைகூப்புகிற மாதிரி.

"மாமா, இது கோயிலுக்குக் கெட்டினதுல்லா?"

"கோயிலுக்குக் கெட்டினதைப் படம் எடுத்தா கர்த்தர் கோவிப்பாரா? எடு பிள்ளே. கேக்கவனுக்கு வேற குலை குடுத்தாப் போச்சு."

"படத்துல உள்ளதுதான் குடுப்போம்னு எழுதியிருக்கு."

"நீ எழுதினா எழுதினதுதான். எவன் ரெண்டையும் வச்சு ஒத்துப் பாக்கப் போறான்?"

அரைமனதோடு எடுத்தாள். மற்றக் குலைக்குப் போட்ட விலையையே இதற்கும் போட்டாள். படத்தைப் பார்த்து வளைகுடாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரன் எல்லாம் இதயப் படம் போட்டானாம். ஒருவன் அழுகிற மூஞ்சி போட்டானாம். வாழைக்குலையைப் பார்த்து அழுகிறவனை எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பியது சரிதான் என்று நினைத்தேன்.

பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை ஜெப்சி சந்தைக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, குலைக்கு ஆர்டர் வந்திருக்கு. மஸ்கட்டுலருந்து. நேசபாய் மாமிக்க மவன் ஜெபிஷ்."

"குடுத்தாப் போச்சு."

"ரெட்டைக்காய் உள்ள அதே குலைதான் வேணுமாம். துட்டும் போட்டாச்சு. எதுக்குன்னு கேளுங்க. நம்ம சபை அறுப்பின் பண்டிகைக்காக்கும். அவன் பேருல காணிக்கை."

நான் கடவுளுக்கு நேர்ந்த குலையை, என்னிடமே வாங்கி, அதே கடவுளுக்கு, அதே முற்றத்தில், தன் பேரில் வைக்கப்போகிறான். மீன் கழிவு சுமந்தது நான், மைக்கில் பேர் அவனுக்கு.

"துட்டைத் திருப்பி அனுப்பு."

"அனுப்புகேன். ஆனா உள்ளதைச் சொல்லணும். கோயிலுக்குக் கெட்டின குலையைத்தான் வெலை போட்டு வச்சிருந்தோம்னு சொல்லணும். சொல்லட்டா?"

எதிர்க்கடையில் ஜெபதாஸ் காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பீர்க்கங்காயை அடுக்கினான்.

"வேண்டாம்" என்றேன். "நான் பாத்துக்கிடுகேன். குலையை நேசபாய் வீட்டுல நானே கொண்டு போடுகேன்."

"அதே குலை மாமா."

"ஆமா, ஆமா."

சனிக்கிழமை அடுத்த நல்ல குலையாகப் பார்த்து வெட்டினேன். அதுவும் மோசமில்லை. ஒரு பக்கம் கீறல், அவ்வளவுதான். சருகைச் சுற்றி, கயிற்றை இழுத்துக் கட்டி நேசபாய் வீட்டு வராந்தாவில் வைத்தேன். நேசபாய் என் வயதுக்காரி, புருஷன் இல்லை, ஒரே மகன்.

"பொதியை அவுக்காத நேசபாய். காத்துப் பட்டா கறுத்துரும். நாளைக்குக் கோயில்ல வச்சு அவுத்தாப் போரும்."

"நீங்க சொன்னாச் சரி அண்ணே. சாயா குடிக்கியளா?"

இவ்வளவு லேசாக ஒரு ஆள் என்னை நம்பியது எனக்கே பிடிக்கவில்லை. சாயாவில் சர்க்கரையும் கூடுதல். குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய முற்றத்தில் மூங்கில் கட்டி எல்லாக் குலையையும் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பேர் எழுதின சீட்டு. என் குலை முதல் இடத்தில். அதற்குப் பிறகு ஜெபதாசின் குலை, அந்த வருஷம் அதற்குக் குலை என்று சொல்வதே இரக்கம். போதகரின் ஜெபம் நீளமாகப் போனது. காணிக்கையாக வந்த ஆடு நடுநடுவே கத்தியது. ஆமென் சொன்னதில் அதுதான் முதலாவது.

நேசபாய் கைபேசியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் மகனின் முகம். ஏலத்தை மஸ்கட்டிலிருந்து பார்க்கிறானாம். இப்படி ஒரு தொல்லை இருக்கிறது என்று எனக்கு எவனும் சொல்லவில்லை. நான் படத்தைத்தான் யோசித்தேன், படம் திரும்பி நம்மைப் பார்க்கும் என்று யோசிக்கவில்லை.

பொதியை அவிழ்த்தாள். கைபேசி கத்தியது.

"அம்மா, இது அது இல்ல. ரெட்டைக்காய் எங்க?"

"ரெட்டைக்காய் எதுக்குலே? ஒனக்குத்தான் ரெண்டு பிள்ளை இருக்குல்லா?"

"நான் வாங்கினது இது இல்லம்மா. போனைக் கொஞ்சம் திருப்பு. இன்னும் அந்தப் பக்கம். நில்லு, நில்லு! அந்தா கெடக்கு! முதல்ல கெடக்கது!"

சபை முழுவதும் முதலில் தொங்கியதைப் பார்த்தது. பிறகு அதன் சீட்டைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"ஸ்தோத்திரம்" என்றான் ஜெபதாஸ். "ஓய் ராஜையா, மஸ்கட்டுக்கு வித்த குலை ஒம்ம பேருல தொங்குதே. இது என்ன அற்புதம் வோய்?"

"குலைக்கு என்ன ஆதார் கார்டா இருக்கு? எல்லாக் குலையும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"படத்துல உள்ளதே கைக்கு வரும்னுல்லா ஒம்ம மருமவ எழுதியிருக்கா? நானும் பாத்தேன் வோய்."

"படம் படம்தான். கலியாணத்துக்கு முன்னால ஒனக்குக் காட்டின படம் மாதிரியா ஒனக்க பெஞ்சாதி இருக்கா?"

அவன் மனைவி எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் அவள் என்னோடு பேசுவதில்லை.

போதகர் இருமினார். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்: "ஐயா, குலை தள்ளும்போதே நான் நேந்த குலையாக்கும். நேந்தது நேந்ததுதானே?"

"அப்ப ஏன் வித்தீரு?" என்றார் போதகர். அந்த மனுஷன் பிரசங்கத்தில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதை நான் கேட்டதே இல்லை.

ஜெப்சி எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் குலையில் கட்டியிருந்த சீட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க சொல்லுங்க. இது ஆருக்க குலை?" என்றாள். குரல் உடைந்திருந்தது. வெயிலில் படம் பிடித்ததும், ஸ்கூட்டியில் சுமந்து திரிந்ததும் எல்லாம் அந்தச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் நான் மசிந்திருக்கமாட்டேன். மருமகள் அழுவதும் மாமனார் முறைப்பதும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

நேசபாய்தான் கெடுத்தாள். கைபேசியைப் பார்த்து மகனை அதட்டினாள்.

"லே ஜெபிஷ், வாயை மூடு. ராஜையண்ணன் அப்பிடிச் செய்யக்கூடிய ஆளு கெடயாது. ஒனக்குப் போனுல சரியாத் தெரியாம இருக்கும்."

எனக்கு நேர் எதிரே நிற்கிறாள். இரட்டைக்காய் அவள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. கண்ணும் நல்ல கண். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். அமுக்கிப் பார்க்கிறவனிடம் எனக்குப் பேசத் தெரியும். இவளிடம் என்ன பேச?

"மாத்திக் கெட்டு பிள்ளே" என்றேன். "கெட்டித் தொலை. அது அவனுக்கதுதான்."

ஜெப்சி சீட்டை மாற்றிக் கட்டினாள். ராட்சசன் ஜெபிஷ் பேருக்குப் போனது. கீறல் குலை என் பேருக்கு வந்தது.

ஏலம் தொடங்கியது. இரட்டைக்காய்க் குலையை ஜெபதாஸ் பிடித்த பிடியில் விடவில்லை. அவனுக்குக் குலை வேண்டாம், செயலாளர் மைக்கில் வேறு பேரை இரண்டு தடவை வாசிப்பதை நான் உட்கார்ந்து கேட்கவேண்டும். அதற்காகத் தன் பையையே காலி பண்ணினான். "மஸ்கட் ஜெபிஷ் குடும்பம்! மஸ்கட் ஜெபிஷ் குடும்பம்!" கைபேசிக்குள்ளிருந்து கைதட்டல். நான் முட்டுக் கொடுத்து வளர்த்ததை ஜெபதாஸ் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் ஒரு நடை நடந்தான், கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி.

என் கீறல் குலை வந்தபோது ஒருவனும் வாய் திறக்கவில்லை. செயலாளர் ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். "எனக்குத் தாங்க" என்றது ஒரு குரல். நேசபாய். சனிக்கிழமை அவள் வீட்டில் நான் வைத்த குலை, மறுபடி அவள் வீட்டுக்கே போனது. மகன் ஒரு தடவை துட்டுக் கொடுத்தான், தாய் ஒரு தடவை கொடுத்தாள். இப்படி ஒரு வியாபாரம் நான் வாழ்நாளில் செய்ததில்லை.

வீட்டில் இரண்டு நாள் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. கேட்லாக் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நடந்ததையெல்லாம் ஜெபிஷ் படமாகப் பிடித்து வைத்திருந்தான் போல. அது மஸ்கட், துபாய், தம்மாம் எல்லாம் சுற்றியது. நான் "கெட்டித் தொலை" என்று சொல்வதை மட்டும் வெட்டியெடுத்துப் பாட்டுப் போட்டு விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆர்டர் வந்த வேகத்தில் ஜெப்சிக்கு ஸ்கூட்டி போதவில்லை, ஆட்டோ பிடித்தாள்.

"இது என்ன கூத்து? நான் ஏமாத்தினேன்னு பாத்த பெறகும் ஏன் வாங்குகானுவ?"

"கள்ளம் செஞ்சா பிடிச்சிரலாம்னு தெரிஞ்சுபோச்சுல்லா மாமா" என்றாள்.

சந்தைக்கு வருகிறவர்களும் கைபேசியில் என் முகத்தைப் பார்த்து, பிறகு நேரில் பார்த்து, ஒத்துப்போகிறது என்று தலையாட்டிவிட்டுத்தான் கத்திரிக்காயில் கை வைக்கிறார்கள். வெண்டைக்காயின் வாலை ஒடிப்பது மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வருஷமும் ஒரு வாழை நல்ல குலை தள்ளியது. போன வருஷத்து ராட்சசனுக்கு இது தமையன். துணி கட்டினேன், சருகு பொதிந்தேன். ஜெப்சி கைபேசியோடு வந்து நின்றாள்.

"எடு" என்றேன். "ஆனா அடியில 'விற்பனைக்கு இல்லை'ன்னு பெருசா எழுது. அதுக்கும் மேல பெருசா எழுத எடமிருந்தா அப்பிடியும் எழுது."

எழுதினாள். அந்த வருஷம் அதிகமான ஆட்கள் விலை கேட்டது அந்தக் குலைக்குத்தான். விற்கமாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நான் சந்தையில் இத்தனை வருஷம் வாங்க வாங்க என்று கூப்பிட்டது எல்லாம் வீண்.

ஒருநாள் சாயங்காலம் ஜெப்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளைக்கு ஓடி வந்தாள். தெரியாத நம்பரிலிருந்து பேசிப் பதிந்த குரல் ஒன்று வந்திருக்கிறதாம். காதில் வைத்துக் கேட்டேன்.

"ஸ்தோத்திரம். நான் சென்னையில் இருந்து பேசுகிறேன். அந்த ஏத்தங்குலையை எவ்வளவு ஆனாலும் நான் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வெளியே தெரிய வேண்டாம்."

குரலை என்னதான் இழுத்துப் பிடித்துச் செந்தமிழ் பேசினாலும், பின்னால் எங்கள் சபை மணி ஆறு அடிப்பது தெளிவாகக் கேட்டது. சென்னை வரைக்கும் அந்த மணி கேட்காது.

"என்ன மாமா பதில் போட?"

சருகுப் பொதியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஏத்தங்குலை விக்கியதுக்கு இல்லன்னு போடு. பாளையங்கோடன் இருக்கு, மலச்சிக்கலுக்கு நல்லது, வேணுமான்னு கேளு."